ஏழு புதர்கள், இரண்டு பெயர்கள்

அவர் சிரித்து நான் பார்த்ததேயில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும், அச்சுப் புத்தகத்தில் எவரோ செய்திருந்த தப்பைக் கண்டுபிடித்துவிட்டுச் சிரித்தார். மற்ற நேரமெல்லாம் கோபம்தான். கோபம் வந்ததும் கத்திவிட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், புடவைத் தலைப்பால் துடைப்பார், மறுபடி மாட்டிக்கொண்டு, "யார் பார்த்தது?" என்பார். அதற்குப் பிறகுதான் கத்தல். அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற நேரத்துக்குள் ஓடிப்போனவர்கள் பிழைத்தார்கள். எனக்கு ஓட வழியில்லை. பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்தேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரே வாசலுக்குள் மூன்று குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரர், நடுவில் எங்கள் தறி, பின்கட்டில் இரண்டு அறை. அறுபதுகளின் நடுவில், பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு சயின்ஸ் டீச்சராக மாற்றலாகி வந்த அவர் அந்த அறைகளைக் கேட்டு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை, மரச்சட்டத்துக்கு நடுவே வைத்து வாரால் இறுக்கிய பழைய செய்தித்தாள் கட்டுகள் ஏழெட்டு. அவ்வளவுதான் சாமான்.

வீட்டுக்காரர் வளைத்துப் பேசத் தெரியாதவர். "தனியா இருக்கிறீங்க, அது பரவால்லம்மா. இன்னா ஆளுங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..." என்று இழுத்தார்.

கண்ணாடி கழன்றது. துடைக்கப்பட்டது.

"ரோஜாக் குடும்பம்" என்றார்.

"அப்படின்னா?"

"ஆப்பிள், பேரிக்காய், ரோஜா, மலையில விளையற முள்ளுப்பழம் எல்லாம் ஒரே குடும்பம். எனக்குத் தெரிஞ்ச குடும்பம் அது ஒண்ணுதான். வாடகை எவ்வளவு?"

வீட்டுக்காரர் பயந்துபோய் ஐந்து ரூபாய் குறைத்துச் சொல்லிவிட்டார். அவர் என்ன ஆட்கள் என்று கடைசிவரை தெருவில் யாருக்கும் தெரியவில்லை. முதல் ஆறு மாதம் நான் அதையே நினைத்துக் கவலைப்பட்டேன். எனக்குக் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்தால் போதும். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பா என்னைத் தார் சுற்ற உட்கார்த்தினார். சேலையில் குறுக்கே ஓடும் பட்டு இழையை, தறியில் இங்குமங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுக்கும் வேலை அது. கல்யாணமாகி வந்த இடத்திலும் அதே வேலை. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மனசு சும்மா இருக்காமல் இன்றைக்கு எது கெட்டுப்போகும் என்று தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் அரக்குப் பட்டு நூல் சிட்டம் ஒன்று காணவில்லை. காலையில் தெருவில் தறிக்கான நீள இழைகளைப் பாவாக நீட்டும்போது உதவிக்குப் பக்கத்து ஊர் தாமலிலிருந்து ஒருவர் கூலிக்கு வருவார். "அந்த ஆள்தான் எடுத்திருப்பான்" என்று முதலில் சொன்னது நான். எனக்குக் கவலை வந்தால் உடனே ஒரு ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் போய் அவர் சட்டையைப் பிடித்தார். தெரு கூடிவிட்டது. "மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே" என்றார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்த டீச்சர் நின்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் பார்த்தது?"

"இதுல பாக்கறதுக்கு இன்னா இருக்குது டீச்சர்? அந்த ஊர்க்காரனுங்களே அப்படித்தான்" என்றார் முன்கட்டு வீட்டுக்காரர்.

"அந்த ஊர்ல எத்தனை பேரை எண்ணிப் பார்த்தீங்க? நூறு பேரா, ஆயிரம் பேரா? ஒருத்தரையும் பார்க்கலைன்னா வாயை மூடுங்க. சட்டையிலேர்ந்து கையை எடுப்பா. போய்த் தேடு."

சிட்டம் தறிக்குழிக்குள், மிதிப்பலகைக்குப் பின்னால் கிடந்தது. என் வீட்டுக்காரர் அசடு வழிந்துகொண்டு, "கெடைச்சிடுச்சு, விடுங்க டீச்சர்" என்றார். அவர் விடவில்லை. "யார் முதல்ல சொன்னது?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தெரு நடுவில் அந்த மனிதரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவர் கூசிப்போய், "பரவால்லம்மா, நீங்க போங்க" என்றார். டீச்சர் அவர் மேலும் பாய்ந்தார்.

"நீ சும்மா இருப்பா! உனக்காகப் பேசலை. பார்க்காமலே ஒரு பேர் வெச்சாளே, அதுக்குப் பேசறேன்."

அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் தறிக்கு வேலைக்கு வரவேயில்லை. என்னைத் தெருவில் நிறுத்திய கோபத்தில் நான் இரண்டு மாதம் டீச்சரிடம் பேசவில்லை. நான் பேசாதது அவருக்குத் தெரிந்ததாகவே தோன்றவில்லை. அது இன்னும் கோபம்.

பார்க்காமல் பேர் வைப்பது. அவருக்கு ஆகாத ஒன்று அதுதான். அந்தச் செய்தித்தாள் கட்டுகளும் அதற்காகத்தான். கோடை லீவு விட்டதும் தனியாக பஸ் பிடித்து ஏற்காட்டு மலைக்குப் போவார். ஒரே வகைச் செடியைத்தான் கொண்டுவருவார். முள்ளுக் கொம்பும் வெள்ளைப் பூவும் மஞ்சள் பழமுமாக வேலியோரத்தில் புதராகக் கிடக்கிற செடி. ரூபஸ் என்று பேராம். ரோஜாவுக்குப் பங்காளி. மாடுகூட மேயாத அதை எடுத்துவந்து, காகிதத்துக்கு நடுவில் அமுக்கிக் காயவைத்து, தடித்த அட்டையில் தைத்து வைப்பார். பசை போட்டால் பூச்சி வரும், நூல்தான் நல்லது என்று ஒரு நாள் என்னிடம் கழிவுப் பட்டு கேட்க வந்தார். என் பேசாத விரதம் அப்படித்தான் முடிந்தது. கொஞ்ச நாளில் தைக்கிற வேலையே என்னிடம் வந்துவிட்டது.

நான் முதலில் தைத்த ஐந்து அட்டைகளையும் அவர் பிரித்துப் போட்டார். இலைகளை எல்லாம் பளபளவென்ற மேல்பக்கம் தெரிகிறமாதிரி வைத்துத் தைத்திருந்தேன்.

"பின்பக்கம் எங்கே?"

"பின்பக்கத்த யாராச்சும் காட்டுவாங்களா டீச்சர்? சேலைய மடிச்சா நல்ல பக்கம்தானே மேல வெப்போம்?"

"இது சேலையா? இந்தச் செடிக்கு அடியில வெள்ளையா ரோமம் இருக்கா இல்லையான்னு பார்த்துத்தான் பேர் சொல்ல முடியும். அடையாளம் பூராத்தையும் ஒளிச்சுத் தெச்சுட்டு நல்ல பக்கமாம்!"

திட்டுக்கு நடுவில்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்த மலைச் செடிக்குப் புத்தகங்களில் இரண்டு பேர் இருந்தது. எவனோ ஒரு துரை குதிரைமேல் போகும்போது பூக்காத கொம்பைப் பார்த்திருக்கிறான். அதில் கொத்துக்கு ஐந்து இலை. அதற்கு ஒரு பேர். இன்னொரு துரை பூத்த கொம்பைப் பார்த்திருக்கிறான். அதில் மூன்று இலை. அதற்கு வேறு பேர். இரண்டும் வேறு வேறு இனம் என்று எழுதிவிட்டார்கள். டீச்சர் சொன்னது, இரண்டும் ஒன்றுதான் என்று. இந்தச் செடியின் கொம்பு முளைக்கிற வருஷம் பூக்காது, ஐந்து இலை விடும். மறுவருஷம் அதே கொம்பு பூக்கும், அப்போது மூன்று இலை. "ஒரு பொண்ணைப் பாவாடை கட்டியிருக்கிறப்போ பார்த்து ஒரு பேர், புடவை கட்டியிருக்கிறப்போ பார்த்து ஒரு பேர் வெச்சா, ரெண்டு பொண்ணாயிடுமா?" என்று, செத்துப்போன அந்தத் துரைகளை நேரில் திட்டுவதுபோல் திட்டுவார்.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். சென்னையில் ஒரு புரொபசர் அந்த மலைச் செடிகளைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் கடிதம் எழுதியதும், ஆதாரம் இருந்தால் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டார். ஆதாரம் என்றால், ஒரே கொம்பை இரண்டு வருஷமும் எடுத்துக் காட்ட வேண்டும். மலை மழையில் காகிதச் சீட்டு நிற்காது. தகரம் கட்டினால் மாடு மேய்க்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். என்னிடம் ஏழு நிறத்தில் பட்டு நூல் கேட்டார். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, கத்தரிப்பூ, ஆனந்தா நீலம், கறுப்பு. ஏழு புதர், ஒவ்வொன்றிலும் பூக்காத புதுக்கொம்பு ஒன்று. கொம்பில் ஒரு நிற நூலைக் கட்டிவிட்டு, அதிலிருந்து கிள்ளிய இலைக்கும் அதே நிற நூலைக் கட்டிக் கொண்டுவந்தார். அந்த வருஷம் மழை பெய்த ஒவ்வொரு நாளும் நான் சாயம் போய்விடுமோ என்று கவலைப்பட்டேன்.

மறுவருஷம் மே மாதம் போனவர் ஏழு கொம்பையும் பூவோடு வெட்டிக்கொண்டு வந்தார். நூல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. ஆனால் இறங்கும்போது சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது புரொபசரின் கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. வருகிறவருக்கு இதையா காட்டுவது? செய்தித்தாளில் சருகாகக் கிடக்கிறதே. யாரையும் கேட்கவில்லை. உட்கார்ந்து ஏழு கொம்பையும் அட்டையில் தைத்தேன். இலையில் பாதி மேல்பக்கம், பாதி அடிப்பக்கம், அவர் சொன்ன மாதிரியே. ஒவ்வொரு கொம்பிலும் சேறு பிடித்துப் பழுப்பாகப் போன நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தறியிலிருந்து சேலையை அறுத்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை பிசிறு வெட்டுவது. ஒரு பிசிறு தொங்கினாலும் முதலாளி சேலையை முகத்தில் எறிவார். கத்தரியை எடுத்து ஏழு நூலையும் ஒட்ட வெட்டிக் கழிவு டப்பாவில் போட்டேன். அடையாளத்துக்குக் கட்டியதுதானே, புதரைக் கண்டுபிடித்தாயிற்று, இனி எதற்கு என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தவரிடம் பெருமையாகக் காட்டினேன். ஏழு அட்டையையும் புரட்டினார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"நூல் எங்கே?"

டப்பாவை எடுத்துவந்து கொட்டினேன். முடிச்சைப் பிரித்தால் உள்ளே நிறம் தெரிந்தது. எது எந்தக் கொம்பில் இருந்தது என்பதுதான் தெரியவில்லை. ஏழு கொம்பும் ஒரே மாதிரி.

"முட்டாள்! ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷத்தைக் கத்தரிச்சுக் குப்பையில போட்டிருக்கே!"

"நீங்க சொல்லவேயில்லையே! நூல வெட்டாதேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? எப்பப் பாத்தாலும் கத்தத் தெரியுது, சொல்லத் தெரியலையே!" நானும் கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. "டீச்சர், ஏழும் ஒரே இனம்தான்னு நீங்களேதானே சொல்றீங்க? அப்ப எந்த நூல எதுல கட்டினா இன்னா? இப்பவே கட்டிடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "அதைத்தானேடி நிரூபிக்கணும்! நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமா வெச்சா, நானும் அந்தத் துரையும் ஒண்ணுதான். போ வெளியே."

போனேன். ஆனால் அட்டைகள் எங்கள் தறி அறையில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்து புரொபசருக்குக் காத்திருந்தபோது, நான் ஏழு பழைய நூலையும் ஏழு கொம்பில் கட்டினேன். எனக்கு அந்தத் துரையும் தெரியாது, இந்தத் துரையும் தெரியாது. ஒரு மனுஷி காலை முறித்துக்கொண்டு கொண்டுவந்தது வீணாகக் கூடாது, அது மட்டும்தான் தெரிந்தது.

புரொபசர் நல்ல மனிதர். காபி கொடுத்தால் வாங்கிக் குடித்தார். டீச்சர், "சார், முதல்லயே ஒண்ணு சொல்லிடணும்" என்று ஆரம்பிப்பதற்குள் நான் அட்டைகளைக் கொண்டுபோய் புரொபசர் முன்னால் வைத்துவிட்டேன். அவர் போன வருஷத்து இலைகளை ஒரு வரிசையும் இந்த வருஷத்துக் கொம்புகளை ஒரு வரிசையுமாகப் பரப்பி, நூலை நூலோடு பொருத்திப் பார்த்தார்.

"அடடா! பட்டு நூலா? பிரமாதம். எனக்கு முழுத் திருப்திம்மா. புத்தகத்துல ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடறேன். உங்க பேரைப் போட்டு நன்றியும் சொல்லிடறேன்."

டீச்சர் ஒரு அட்டையை எடுத்து முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் போட்டது ஜடையில் ரிப்பன் கட்டுகிற முடிச்சு. நான் கட்டியது தறியில் அறுந்த இழையைப் பிணைக்கிற முடிச்சு. கை தானாகப் போட்டுவிட்டது.

"சார், இந்த முடிச்சு நான் போட்டதில்லை" என்றார்.

"அதனால என்னம்மா?"

"நூலை வெட்டிட்டு மறுபடி கட்டியிருக்கு. எந்தக் கொம்பு எந்தப் புதர்னு எனக்கே தெரியாது. இது ஆதாரமில்லை. நீங்க இதை வெச்சு எழுதக் கூடாது."

புரொபசர் சிரித்துச் சமாளித்தார். "உங்க முடிவு சரின்னு எனக்குத் தோணுது. இந்தச் சின்ன விஷயத்தை விட்டுடலாமே."

"தோணுதா? அந்தத் துரைக்கும் அப்படித்தான் தோணியிருக்கும்."

புரொபசர் எழுந்து போய்விட்டார். டீச்சர் கத்தரி கேட்டார். நான் கட்டிய ஏழு முடிச்சையும் வெட்டினார். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் எழுதினார்: "புதர் எண் தெரியாது. நூல் வெட்டப்பட்டது." யார் வெட்டியது என்று எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது செடியைப் பத்தின விஷயமில்லை" என்றார், என்னைப் பார்க்காமல்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? அந்த மனிதரே திருப்தி என்கிறார். முடிவும் சரிதான் என்கிறார். வாயை மூடிக்கொண்டு காபித் தம்ளரை எடுத்து வைத்திருந்தால் முடிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. என்மேல் பாதி, அவர்மேல் பாதி.

மறுபடி மே மாதம் வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏழு நிறம் வேணும்."

"தர மாட்டேன். நானே வந்து கட்டறேன்" என்றேன். வேலூருக்கு அந்தப் பக்கம் போகாதவள் நான். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். மலையில் நான் கட்டினேன், அவர் என்னை நோட்டில் எழுதச் சொன்னார். எந்த நிறம், எந்தப் புதர், எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம். எழுத்துப் பிழைக்கும் திட்டினார். அடுத்த மே மாதமும் போனோம். இரண்டு புதரைக் காபித் தோட்டத்துக்காக வெட்டி எரித்திருந்தார்கள். தோட்டத்து மேஸ்திரியை அவர் போட்ட சத்தத்தில் கூலிக்காரப் பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். மீதி ஐந்திலும் என் முடிச்சு அப்படியே இருந்தது. ஐந்து கொம்பிலும் பூ, ஐந்திலும் மூன்று இலை.

ஐந்தையும் பெட்டியில் வைத்து ரயிலில் சென்னைக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. இப்போது ஐயமே இல்லையாம், பாராட்டுகளாம். ஆனால் புத்தகம் அச்சாகி முடிந்துவிட்டதாம். இரண்டு பேரும் இரண்டு இனமாகவே போய்விட்டதாம். அடுத்த பதிப்பில் கவனிக்கலாமாம்.

"அடுத்த பதிப்பு எப்போ டீச்சர்?"

"நாம செத்தப்புறம்."

அந்தப் புத்தகத்தை வாங்கச் சொல்லி நம்ம ஊர் லைப்ரரிக்கு அவரே முன்பு எழுதிக் கொடுத்திருந்தார். அது வந்த அன்றைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். எதற்கு என்று சொல்லவில்லை. மேஜைமேல் வைத்துப் பக்கத்தைத் தேடினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பேனாவைத் திறந்து, இரண்டாவது பேரின் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டார். ஓரத்தில் சின்ன எழுத்தில், எந்தப் புதர்கள், எந்த நிறம், எத்தனை இலை என்று எழுத ஆரம்பித்தார். அரசாங்கப் புத்தகம். இவரோ அரசாங்க உத்தியோகம்.

"டீச்சர், வந்துடுங்க, லைப்ரரிக்காரரு பாக்கறாரு" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"பார்க்கட்டும்."

லைப்ரரியன் ஓடிவந்தார். "இன்னாம்மா பண்றீங்க? படிச்சவங்க நீங்களே கிறுக்கலாமா? புதுப் புத்தகம்மா! நான் மேல எழுதிப் போட்டா உங்க வேலைக்கே வெனையாயிடும்!"

"எழுதுப்பா. என்ன எழுதினேன்னும் சேர்த்து எழுது. தப்பு இருந்தா வந்து காட்டு."

"வெலையக் கட்டிட்டு எடுத்துக்கினு போயிடுங்க. எனக்கு வம்பு வேணாம்."

டீச்சர் கடைசி வரியை முடித்து, மை காய ஊதினார். புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"விலையைக் கட்டறேன். புத்தகம் இங்கேயே இருக்கட்டும். எனக்கெதுக்கு? எனக்குத்தான் தெரியுமே."